‘குட்வில்’ என்று எழுதிய ஜாப் கார்டில் கையெழுத்துப் போடாதீர்கள்: டர்பனில் பழைய கார் வாங்குவோருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு குடும்பம் டீலரிடம் 118,000 ராண்டுக்கு ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கியது. ஐந்தாவது வாரம் ஹிக்கின்சன் ஹைவே ஏற்றத்தில் இன்ஜின் உறுமியது, வண்டி ஏறவில்லை. சூடேறிய பிறகு, இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது மட்டும் இந்த வழுக்கல் வந்தது. கியர்பாக்ஸ் எண்ணெய் கருத்து, தீய்ந்த வாடை அடித்தது.

“கவலைப்படாதீங்க அங்கிள், குட்வில்லா பாத்துத் தர்றோம்” என்றார்கள், அதாவது கடமையாக இல்லை, நல்லெண்ணத்தில் செய்கிறோம் என்று. வண்டி மூன்று தடவை உள்ளே போனது, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று வாரம் அங்கேயே நின்றது. எண்ணெயை மாற்றி, கம்ப்யூட்டரில் பதிந்திருந்த பழுதுக் குறியீட்டை அழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். புது எண்ணெயில் சில நாள் ஒழுங்காக ஓடும். ஆனால் தேய்ந்துபோன கிளட்ச் தட்டை எந்த எண்ணெயும் சரிசெய்யாது. நாலாவது தடவை போனபோது, “ஆறு மாசம் முடிஞ்சுபோச்சு, அதோட ஃபுட்ஸ்டூட்ஸ்னு கையெழுத்தும் போட்டிருக்கீங்க” என்று கைவிரித்துவிட்டார்கள்.

இரண்டு பதிலுமே தப்பு. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவைப் படித்திருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம்.

முதலில் ஃபுட்ஸ்டூட்ஸ். ‘உள்ளது உள்ளபடி விற்றேன், இனி என் பொறுப்பில்லை’ என்ற பழைய சொல். வியாபாரமாகக் கார் விற்கிறவர் இப்படிப் பொதுவாக எழுதி, தரத்துக்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒரே ஒரு விலக்கு, 55ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவு: ‘இந்தக் காரில் கியர் வழுக்குகிறது’ என்று குறிப்பிட்ட குறையைச் சொல்லி, நீங்களும் தெரிந்தே ஏற்றுக்கொண்டால் அந்தக் குறைக்காகப் பிறகு கேட்க முடியாது. ‘பயன்படுத்திய நிலையில்’ என்ற வரி அதற்குப் போதாது. ஒப்பந்தத்தில் பேனாவால் சேர்த்து எழுதிய வரிகள் இருந்தால் நிதானமாகப் படியுங்கள், ஆபத்து அங்கேதான்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தக் காரை விற்றால் கதை வேறு. அதற்கு இந்தச் சட்டம் வராது, ஃபுட்ஸ்டூட்ஸ் செல்லும். குறை தெரிந்தே மறைத்து ஏமாற்றினார் என்று நீங்கள் நிரூபித்தால்தான் உடையும். வீட்டு வாசலில் மாதம் நாலு கார் விற்றுக்கொண்டு ‘பிரைவேட் சேல்’ என்கிறவர்களும் உண்டு. பதிவுச் சான்றிதழில் இருக்கும் பெயரும் விற்கிறவரின் அடையாள அட்டையும் ஒத்துப்போகாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

இனி ஆறு மாதம். பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பித் தரலாம். செலவும் பொறுப்பும் விற்றவருடையது, டோ டிரக் வாடகையும் அதில் அடங்கும். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தீர்மானிக்கிறவர் வாங்கியவர்தான். டீலர் வாயைத் திறக்காமல் மறைப்பது இதைத்தான். அந்தக் குடும்பம் ஒன்றும் சொல்லாமல் சாவியைக் கொடுத்தது, அதனால் தீர்மானத்தை டீலர் எடுத்துக்கொண்டார்.

பழுது பார்த்தாலும் வழி அடைபடாது. பழுது பார்த்த மூன்று மாதத்துக்குள் அதே குறை தீராமல் நின்றாலோ வேறு குறை வந்தாலோ, மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். ஐந்தாம் மாதம் செய்த ரிப்பேருக்கு இந்த மூன்று மாதம், ஆறு மாதக் கெடுவைத் தாண்டி எட்டாம் மாதம் வரை போகும். அப்படியானால் அந்தக் குடும்பம் ஏன் மாட்டிக்கொண்டது? வண்டியை உள்ளே விடும்போது எழுதும் வேலைச் சீட்டான ஜாப் கார்டுகளில் இருந்தது இதுதான்: ‘வாடிக்கையாளர் வேண்டுகோள், சோதனை, குறை ஏதும் இல்லை, குட்வில்.’ ரிப்பேர் என்ற சொல்லே இல்லை. மூன்றிலும் வாங்கியவரின் கையெழுத்து இருக்கிறது.

ஆகவே சாவியைக் கொடுக்குமுன் கார்டில் இவை இருக்க வேண்டும்: தேதி, ஓடிய கிலோமீட்டர், குறையின் விவரம் (‘சூடானபின் 2–3 கியரில் வழுக்கல்’), ‘56ஆம் பிரிவின்படி பழுதுபார்ப்பு’. எழுத மறுத்தால் அதே வாசகத்தை அங்கேயே நின்று மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஸ்கேனர் திரையில் பழுதுக் குறியீடு தெரியும்போது படம் எடுங்கள், அழித்துவிட்டால் சாட்சி போயிற்று. தெரிந்த மெக்கானிக்கிடம் கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிவிடாதீர்கள். விற்றவர் கையை விட்டுப் போனபின் பொருளை மாற்றியிருந்தால் அந்த அளவுக்குச் சட்டம் தருகிற தர உத்தரவாதம் குறையும். கழற்றாமல் ஸ்கேன் செய்து அறிக்கை வாங்குவதில் தப்பில்லை.

“உங்க வாரண்டி கம்பெனிக்கிட்ட கேளுங்க” என்பது இன்னொரு தந்திரம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கூடுதல் வாரண்டியில் பாகத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும், தேய்மானத்துக்கு விலக்கும் இருக்கும். மீதியை உங்கள் தலையில் கட்டுவார்கள். சட்டம் தருகிற உத்தரவாதம் அதற்கு மேலே தனியாக நிற்கிறது, ஆறு மாதத்துக்குள் நேரே டீலரையே கேளுங்கள்.

எழுத்தில் கேட்டும் மசியாவிட்டால் தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுங்கள். அங்கேயும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். கேட்கும் தொகை 20,000 ராண்டுக்குள் என்றால் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம் போதும், அங்கே வக்கீலுக்கு இடமில்லை.

கோபத்தில் வங்கித் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடைசித் தவணை கட்டும்வரை வண்டி வங்கியுடையது, வழக்கு உங்கள் மேல்தான் வரும். டீலருக்கு அனுப்பும் கடிதத்தின் நகலை அதே நாளில் வங்கிக்கும் அனுப்பி, பணம் திரும்பினால் கடன் ஒப்பந்தத்தையும் சேர்த்து முடிக்கும்படி எழுதிக் கேளுங்கள்.