கோத்தகிரிக் குளிருக்கு எந்த அடுப்பு: விறகா, கேஸா, இண்டக்‌ஷனா?

புற்றுநோயைத் தள்ளி வைக்க முதலில் விட வேண்டியவை பீடி, சிகரெட், புகையிலை, மது. அதில் பேச ஒன்றுமில்லை. அடுத்து என்ன என்றால் நான் அடுப்படியைத்தான் காட்டுவேன். எங்கள் வீட்டில் சமையலை முழுக்க கேஸுக்கு மாற்றிவிட்டோம், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

விறகில் செலவு குறைவு. தேயிலைக் கவாத்து முடிந்தால் மிளாறு கிடைக்கும், கூடவே வீடும் கதகதப்பாகும். மலையில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் கீழே மேட்டுப்பாளையம் பக்கம் மாதிரி திறந்த வெளியில் அடுப்பு மூட்ட இங்கே முடியாது. குளிருக்குக் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் சமைக்கிறோம். புகை எங்கே போகும்? ஐப்பசி மழையில் ஈர விறகு சரியாக எரியாமல் இன்னும் அதிகமாகப் புகையும். அதில் நுண்துகள்களோடு பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருள்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வீட்டுக்குள் எரியும் நிலக்கரியின் புகை புற்றுநோய் தரும் என்று உறுதியாகவே சொல்கிறது. விறகுப் புகையை ‘அநேகமாகத் தரக்கூடியது’ என்று ஒரு படி கீழே வைத்திருக்கிறது. அந்த ஒரு படி எனக்கு ஆறுதலாக இல்லை. வேளை தவறாமல் அதைச் சுவாசிப்பது பீடியையே தொடாத பெண்களும் அவர்கள் இடுப்பிலிருக்கும் குழந்தைகளும்.

புகைபோக்கி வைத்தால் போதாதா? புகை குறையும். ஆனால் கரி அடைக்க அடைக்க ஆள் வைத்துத் தட்ட வேண்டும், விட்டால் புகை உள்ளேயே இறங்கும். கேஸுக்கு பர்னரைத் துடைத்து, ட்யூபை அவ்வப்போது மாற்றினால் போதும். அதுவும் முழுச் சுத்தமில்லை, நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். எண்ணெய் காய்ந்து எழும் புகையோ எந்த அடுப்பிலும் கெடுதல். வறுவல் போடும்போது எவ்வளவு குளிர்ந்தாலும் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன்.

இண்டக்‌ஷனில் எரிபொருள் புகையே இல்லை. குன்னூரில் தங்கை வீட்டில் தங்கும்போது மட்டும் அதில் சமைத்திருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். மரம் விழுந்து கரண்ட் போகும் ஊரில் அதை மட்டும் நம்ப எனக்குத் துணிவில்லை.

குளிக்கும் வெந்நீருக்கு இன்னும் விறகு பாய்லர்தான், ஆனால் வெளியே தனிக் கொட்டகையில். கரிச்சட்டியை அறைக்குள் வைத்துத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு அன்றிரவே உயிரை எடுத்துவிடும்.

14.2 கிலோ சிலிண்டருக்கு மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவர்கள் 5 கிலோ சிலிண்டரைக் கேட்டுப் பாருங்கள். கதவு அடைத்திருக்கும் ராத்திரிச் சமையலையாவது முதலில் அதற்கு மாற்றிவிடலாம்.