ஆர்கானிக் மேப்ஸ்: நெட் இல்லாமலும் வழிகாட்டும்

தினசரிப் பயணத்துக்கு எளிமையான வழிகாட்டி ஆப் வேண்டுமென்றால் ஆர்கானிக் மேப்ஸைத் தாராளமாகப் போடலாம். இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்கு தொடங்கவும் வேண்டாம். வைஃபையில் இருக்கும்போதே உங்கள் பகுதி வரைபடத்தை இறக்கிவிடுங்கள். அப்புறம் சிக்னல் இல்லாத மலைப்பாதையிலும் தேடலாம், வழி போடலாம். டேட்டா அணைந்திருந்தால் ஜிபிஎஸ் இடம்பிடிக்கச் சற்று நேரமெடுக்கும்; திறந்த வானத்துக்குக் கீழே நின்று தொடங்குங்கள்.

அமைப்புகளில் சுங்கச்சாவடி, மண்சாலை இரண்டையும் தவிர்க்கச் சொல்லலாம். பைக்கில் போகிறவர்கள் மண்சாலையைக் கட்டாயம் தவிர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குறுக்குவழி என்று வரப்போரம் கொண்டுபோய் விடும்.

குறை பெரிதுதான்: நேரடி நெரிசல் தகவல் கிடையாது. அதனால் மாலை நேர அண்ணா சாலையில் அது காட்டும் வருகை நேரத்தை நம்பாதீர்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் தரவு என்பதால் சிற்றூர்க் கதவு எண்கள் பெரும்பாலும் அகப்படாது. பக்கத்துக் கோயிலையோ பள்ளியையோ தேடுங்கள்.