பள்ளி வேலியோரக் களைக்கு எது சரி: ஆடா, இயந்திரமா, பிள்ளைகளின் கையா?

என் மகளின் பள்ளிப் பின்வேலி காட்டை ஒட்டியது. அங்கிருந்து சான்சிபார் வள்ளி என்ற கிழங்குக் கொடியும் மைக்கேனியாக் கொடியும் ஏறி வந்து மரங்களைப் போர்த்திவிட்டன. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், "பத்து ஆட்டை விட்டால் ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும்" என்றார். எனக்கும் ஆசைதான். நம் சிங்கப்பூரின் தேக்காவில் கர்பாவ் சாலை என்ற பெயரே மலாய் மொழியில் எருமையைக் குறிப்பது. கால்நடையோடு வாழ்ந்த ஊர் இது.

ஆட்டின் பக்கம் வலுவான நியாயம் உண்டு. சிகாகோவின் ஓஹேர் விமான நிலையம் 2013-ல் ஆடுகளைச் சரிவுகளில் மேயவிட்டது. மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் செம்மறிகள் மரத்தடிக் களையைத் தின்றிருக்கின்றன. மைக்கேனியா அவற்றுக்குப் பிடித்த தீனி. வெள்ளாடு நிமிர்ந்து மேயும், செம்மறி குனிந்து மேயும் என்பதால் புதருக்கு வெள்ளாடும் தரைக்கொடிக்குச் செம்மறியும் பொருந்தும்.

ஆனால் ஆடு எல்லாவற்றையும் தின்னும் என்பது தவறு. ஆடுதொடா, ஆடுதின்னாப்பாலை என்று நம் முன்னோர் செடிகளுக்குப் பெயர் வைத்ததே அதைக் கண்டறிந்துதான். தொடாமல் விட்டால்கூடப் பரவாயில்லை, தின்றுவிட்டால் ஆபத்தானவையும் உண்டு. உண்ணிச்செடி ஆட்டின் கல்லீரலைக் கெடுக்கும். சவுண்டல் இலையில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. அதன் கடின விதை சாணத்தோடு வெளிவந்து வேறிடத்தில் முளைக்கவும் கூடும். வள்ளிக்கொடி மரத்தின் உச்சிவரை ஏறுகிறது. பின்னங்காலில் நின்றாலும் ஆட்டுக்கு ஆறடிதான் எட்டும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் மழையில் குடற்புழு, குளம்பு நோய் இரண்டும் ஓயா. பிறகு அனுமதி, தற்காலிக வேலி, இரவுக் காவல் என்று செலவு நீளும். லிம் சூ காங்கில் ஆட்டுப்பண்ணை இருக்கிறது என்பதற்காகப் பாலுக்கு வளர்க்கும் ஆட்டை நஞ்சுக் கொடிக்கு ஓட்டிவர முடியுமா?

புல்வெட்டும் இயந்திரத்தை நான் ஒரேயடியாக மறுக்கிறேன். சென்ற ஆண்டு ஒப்பந்தக்காரர் வேலியோரத்தை ஒரு காலைப்பொழுதில் மொட்டையடித்துவிட்டுப் போனார். துண்டான மைக்கேனியாவின் ஒவ்வொரு கணுவும் வேர்விட்டது. முன்பு ஓரமாக இருந்தது, இரண்டு மாதத்தில் திடல்வரை வந்துவிட்டது.

மிஞ்சியது கை. மழைக்கு மறுநாள் மண் இளகியிருக்கும்போது பன்னிரண்டு பிள்ளைகளோடு இறங்கினோம். வள்ளிக்கொடியின் இலைக்கணுவில் கோலிக்குண்டு அளவில் குமிழ்க்கிழங்குகள் தொங்கும். கொடியை இழுத்தால் அவை உதிர்ந்து தழைக்குள் மறைந்துவிடும், ஒவ்வொன்றும் ஒரு புதுக்கொடி. அதனால் கீழே தார்ப்பாய் விரித்த பிறகே இழுத்தோம். ஒரு சிறுமி கொடியின் அடியைத் தொடர்ந்து மண்ணைக் கிளறி, முழங்கை ஆழத்தில் தேங்காய் அளவுக் கிழங்கைத் தொட்டாள். வெறுமனே மேலே வெட்டியிருந்தால் அது மீண்டும் மீண்டும் தளிர்த்திருக்கும். கிழங்கு நஞ்சு, ஆகவே கையுறை கட்டாயம். எடுத்ததை உரக்குழியில் போடாமல் பையில் இறுகக் கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம். இங்கே குப்பை எரிக்கப்படுவதால் அது மறுபடி முளைக்காது.

கைவேலை மெதுவானது. அரை நாளில் நாங்கள் முடித்தது பத்து மீட்டர் வேலி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திரும்பிவந்து தளிரைப் பிடுங்க வேண்டும், ஓராண்டாவது. அப்படியும் வேலியோரத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். மரங்களுக்கும் கொடிக்கும் வித்தியாசம் தெரிந்து பிடுங்குவது மனிதக் கை மட்டுமே. ஆடு நாம் நட்ட நாவல் கன்றையும் சேர்த்துத் தின்றுவிடும்.

திடலுக்குப் பின்னால் உள்ள செங்குத்துச் சரிவு வேறு கதை. அங்கே பிள்ளைகளை இறக்க முடியாது, வள்ளிக்கொடியும் இல்லை, மைக்கேனியா மட்டும்தான். அந்த ஒரு சரிவுக்கு யாராவது அனுமதியோடு செம்மறிகளைக் கொண்டுவந்தால், விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.