வாழைமர நோட்டு: அந்தப் பத்து வெள்ளியைக் காசு கொடுத்து வாங்கலாமா?

இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியர் ஆட்சியில் ஓடிய நோட்டுகள் இப்போது பழம்பொருள் கடைகளிலும் இணையச் சந்தையிலும் தொகுப்பாக விற்பனைக்கு வருகின்றன. வாங்கலாம். ஆனால் முதலீடு என்று நினைத்து வாங்க வேண்டாம். அந்நியப் படையொன்று தன் செலவை நாட்டு மக்கள் தலையில் எப்படிக் கட்டியது என்று கையில் பிடித்துப் பார்க்க இதைவிட மலிவான சான்று கிடைக்காது. அதற்காக வாங்கலாம்.

முழுத் தொகுப்பில் ஒன்பது மதிப்புகள் இருக்க வேண்டும்: 1, 5, 10, 50 காசு (சென்ட்), 1, 5, 10, 100, 1000 வெள்ளி (டாலர்). 100 வெள்ளியில் இரண்டு வடிவங்கள் உண்டு. நீரோரக் குடிசையும் மரங்களும் உள்ளது முந்தையது. ரப்பர் தோட்டத்தில் ஆட்கள் வேலை செய்வது பிந்தையது. ஆக மொத்தம் பத்துத் தாள்கள். 1000 வெள்ளியில் மாட்டு வண்டி. 10 வெள்ளியில் குலை தள்ளிய வாழை. எல்லா நோட்டுக்கும் பெயர் வாங்கிக் கொடுத்தது அதுதான். மலாய்க்காரர்களும் 'டுயிட் பிசாங்' (வாழைப் பணம்) என்றே சொன்னார்கள்.

எந்த நோட்டிலும் நாட்டின் பெயர் கிடையாது. தேதி கிடையாது, வங்கியின் பெயரும் கிடையாது. 10 வெள்ளியில் 'ஜப்பானிய அரசாங்கம், கேட்டவுடன் தருவதாக உறுதி கூறுகிறது' என்று ஆங்கிலத்தில் இருக்கும். அந்த வெள்ளிக்கு ஈடாக எதைத் தரும், எங்கே தரும் என்று இருக்காது. எந்த நாட்டுக்கான தாள் என்பதை அதில் அச்சிட்ட ஆங்கில எழுத்து வரிசையின் முதல் எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எம் என்றால் மலாயா, பி என்றால் பர்மா, எஸ் என்றால் டச்சு இந்தியத் தீவுகள் (இன்றைய இந்தோனேசியா), ஓ என்றால் ஓசியானியா (பசிபிக் தீவுகள்). பிலிப்பைன்ஸுக்கும் தமிழில் 'பி' என்றே எழுதுகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் பர்மாவுக்கு B, பிலிப்பைன்ஸுக்கு P. பர்மாத் தொகுதியிலும் 1, 5, 10 காசுத் தாள்கள் இருப்பதால், மலாயாத் தொகுப்பில் அவற்றைச் செருகி எண்ணிக்கையை நிரப்பிவிட முடியும். சிறு தாள்களை முதலில் எடுத்து அந்த ஓர் எழுத்தைப் பாருங்கள்.

இனி, விலையையும் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லும் விஷயத்துக்கு வருவோம். 1942இல் வந்த முதல் 1, 5, 10 வெள்ளி நோட்டுகளில் எழுத்தோடு வரிசை எண்ணும் இருந்தது. அச்சும் தாளும் நன்றாக இருந்தன. பிறகு எண்ணை எடுத்துவிட்டார்கள். எழுத்து மட்டும் நின்றது. எண் போட்டால் எத்தனை அடித்தோம் என்று ஒரு கணக்கு வைக்க வேண்டும். அந்தக் கணக்குக்கே இடமில்லாத அளவுக்கு அச்சு ஓடியது. கள்ள நோட்டு அடிப்பவனுக்கும் வேலை எளிதானது. எண்ணுள்ள தாளுக்கு இன்று விலை அதிகம், எண்ணில்லாததற்கு மிகக் குறைவு.

ஏன் இவ்வளவு அடித்தார்கள்? மலாயாவின் வருமானம் ரப்பரும் வெள்ளீயமும். இரண்டையும் வாங்கி வந்த அமெரிக்க, ஐரோப்பியச் சந்தை போர் தொடங்கியதும் அறுந்தது. அத்தனை ரப்பருக்கும் ஜப்பானில் தேவையில்லை. ஏற்றிச் செல்லக் கப்பலும் போதவில்லை, இருந்த கப்பல்களையும் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. படைக்கோ சோறும் கூலியும் கட்டுமானமும் தினமும் வேண்டும். வரியில் அது தேறாது. நோட்டடித்துச் சந்தையில் பொருளை வாங்கினார்கள். நோட்டு பெருகியது, பொருள் பெருகவில்லை. அரிசியில்தான் அடி பலமாக விழுந்தது, ஏனென்றால் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் இறக்கிக்கொண்டிருந்த நாடு. போதாததற்கு, 1943 அக்டோபரில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் ஜப்பான் தன் கூட்டாளியான தாய்லாந்துக்குத் தூக்கிக் கொடுத்தது. நெல் விளையும் கெடாவே கையைவிட்டுப் போனது. மற்ற இடங்களில் மரவள்ளிக்கிழங்கு சோறாயிற்று.

அடித்த நோட்டைத் திரும்ப உறிஞ்சவும் முயன்றார்கள். 1942இல் மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்கள் 5 கோடி வெள்ளி 'அன்பளிப்பு' தர வேண்டும் என்று உத்தரவு. கெடுவுக்குள் தேறியது 2 கோடியே 80 லட்சம்; மீதியை ஜப்பானின் யோகோஹாமா ஸ்பீசி வங்கியில் அவர்களைக் கடன் வாங்க வைத்து அதையே வசூலித்தார்கள். 1943இல் 'கோனான் சைக்கன்' என்ற லாட்டரி வந்தது. எதுவும் அச்சு வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்தத் தாளில் கூடுதல் கனம் உண்டு. ஜப்பானியப் படை போட்ட சயாம்–பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களில் ஆள் பிடித்தபோது நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று காட்டிய ஆசை இந்த வெள்ளியில்தான். 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் நேதாஜி பிரகடனம் செய்த சுதந்திர அரசு மலாயா இந்தியர்களிடம் நிதி திரட்டியதும் பெரும்பாலும் இதே நோட்டில்தான். தனி அரசு, தனிக் கொடி, தனிப் படை எல்லாம் இருந்தன. சந்தையில் கொடுத்து மாற்றும் தாள் மட்டும் டோக்கியோவினுடையது. அந்நியச் செல்வாக்கு எவ்வளவு தூரம் என்று அளக்க நோட்டைப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி.

சோதனைக்கு மூன்று பொருள்கள் போதும்: பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி, புற ஊதா விளக்கு, ஜன்னல் வெளிச்சம். முதலில் கண்ணாடி. அசலில் கோடு கோடாகவே ஓடும். கணினி அச்சில் அதே கோடு வண்ணப் புள்ளிகளாக உடையும். அடுத்து இருட்டில் விளக்கு. இக்காலத் தாளில் வெண்மை கூட்டும் வேதிப்பொருள் இருப்பதால் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். அக்காலத் தாள் மங்கலாகவே கிடக்கும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சில அச்சுகளில் கிரி மலர் (ஜப்பானிய அரசுச் சின்னமான பூ) நீர்க்குறியும் சிலவற்றில் பட்டு இழையும் தெரியும். ஆனால் இரண்டும் இல்லாத அசல்களும் ஏராளம். அதனால் நீர்க்குறி இல்லை என்பதற்காகவே போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

எண்ணுள்ள தாளுக்கு ஒரு சோதனை அதிகம். மலிவான எண்ணில்லாத் தாளில் பின்னால் எண்ணைக் குத்தி விலையேற்றுவது சிரமமான வேலையல்ல. எண்ணின் மையும் எழுத்தின் மையும் ஒரே நிறமா, மடிப்பு விழுந்த இடத்தில் எண்ணும் சேர்ந்து தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பில் தாள் வெளுத்திருக்க, எண் மட்டும் புதுசாக நின்றால் விட்டுவிடுங்கள்.

'மிக அரிது' என்று எழுதி 10 வெள்ளியை விற்கிறவரை நம்ப வேண்டாம். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் இந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. மாற்றித் தரவும் இல்லை. திருப்பி வாங்கி எரிக்க யாரும் முன்வராததால் கட்டுக்கட்டாக வீடுகளில் தங்கிவிட்டது. எண்ணில்லாத, மடிப்பு விழாத தாள்கூட எளிதில் கிடைக்கும். அழுக்கும் கிழிசலும் உள்ளதை வாங்கக் காரணமே இல்லை.

'ஜப்பான் ஒருநாள் பணம் தரும்' என்ற பேச்சோடு கட்டாக விற்பவர்களும் உண்டு. ஹாங்காங்கில் ஜப்பானியப் படை வெளியிட்ட ராணுவ யென் நோட்டுகளை வைத்திருந்தவர்கள் போட்ட வழக்கை டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1999இல் தள்ளுபடி செய்தது. மலாயாவில் 1948இல் வந்த சட்டம் ஆக்கிரமிப்புக் காலக் கடன்களை, நோட்டின் மதிப்பு இறங்கிய அட்டவணைப்படி கணக்குத் தீர்த்தது. கையில் இருந்த தாளுக்கு அது எதுவும் தரவில்லை.

முழுத் தொகுப்பை ஒரே மூச்சில் வாங்குவதைவிட, நான் சொல்வது மூன்று தாள்கள்: எண்ணுள்ள 10 வெள்ளி ஒன்று, எண்ணில்லாத 10 வெள்ளி ஒன்று, 1000 வெள்ளி ஒன்று. முதல் இரண்டையும் அருகருகே வைத்தால் எண் போன இடம் தெரியும்; மூன்றாவது, நோட்டு எங்கே போய் முடிந்தது என்பதைக் காட்டும். பணத்தை எண்ணுள்ள தாளில் போடுங்கள், மற்ற இரண்டுக்கும் பேரம் பேசுங்கள். வாங்கியதைப் பி.வி.சி. உறையில் வைக்காதீர்கள், நாளடைவில் அது பிசுபிசுத்துத் தாளைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறை நல்லது. மடிப்பை நிமிர்த்த இஸ்திரி போடுவதும் கறையைக் கழுவுவதும் வேண்டாம். இரண்டுமே மதிப்பைக் குறைக்கும்.