அல்டனேட்டரை மாற்றச் சொல்கிறார்களா? முதலில் எர்த் வயரைப் பாருங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றில் காரை நிறுத்துபவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து பற்றரியை ஏற்றும் கருவிதான் அல்டனேட்டர். என்னிடம் ஓர் அல்டனேட்டருக்கும் ஒரு பற்றரிக்கும் காசு வாங்கினார்கள். காரில் பழுதாகியிருந்ததோ எஞ்சினையும் பற்றரியின் மைனஸையும் இணைக்கும், இரண்டு சாண் நீளமுள்ள ஓர் எர்த் வயர். அதோடும் விடவில்லை. நல்ல நிலையில் இருந்த என் பழைய அல்டனேட்டரைத் தாங்களே வைத்துக்கொண்டு, யாருடையதோ ஒன்றை என் கையில் தந்து அனுப்பிவிட்டார்கள். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கராஜின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட வழியை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என்னுடையது 1997 ஆம் ஆண்டு நிசான் சனி. எஃப்பி 14 என்று அதன் மாதிரிப் பெயரைச் சொன்னால் இங்கே எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 இல்தான் மறுபடி வழி திறந்தது. திறந்தும் என்ன, விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே இருப்பதைப் பேணித்தான் ஓட வேண்டும். அது கராஜ்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

காலையில் சாவியைத் திருப்பினால், எஞ்சினைக் கிளப்பும் மோட்டரான ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியது. இரவில் சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கியது. கராஜ் முதலாளி பொனட்டைத் திறந்தார், எஞ்சின் ஓடும் சத்தத்தை ஒரு நிமிடம் கேட்டார், "சேர், அல்டனேட்டர் போய்விட்டது, பற்றரியையும் அது சாகடித்துவிட்டது" என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "இருபது வருடமாக இதைத்தான் செய்கிறோம், சத்தத்திலேயே தெரியும்" என்று பதில் வந்தது. அல்டனேட்டர் மின்சாரம் தருகிறதா இல்லையா என்பதைக் காதால் கேட்டு அறியும் வித்தையை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். ரீகண்டிஷன் (பழையதைச் சீர்செய்து விற்கும்) அல்டனேட்டர், புதுப் பற்றரி, கூலி என்று எழுபத்தெட்டாயிரம் ரூபாய் போயிற்று.

புதுப் பற்றரிக்கு வலு அதிகம். அந்த வலுவில் கார் சில நாள் ஒழுங்காக ஸ்டார்ட் ஆனது. பிறகு பழைய கதைதான். இம்முறை இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஹெட்லைட்டைப் போட்டால் வெப்பமானியின் முள் மேலே ஏறும், அணைத்தால் இறங்கும். திரும்பக் கொண்டுபோனபோது முள்ளை மட்டும் பார்த்துவிட்டு, "ஹெட் கெஸ்கட் போய்விட்டது, எஞ்சின் தலையைக் கழற்ற வேண்டும், ஒன்றரை இலட்சத்தில் முடித்துத் தருகிறேன்" என்றார். லைட்டைப் போட்டவுடன் எஞ்சின் சூடாகி, அணைத்தவுடன் குளிர்ந்துவிடுமா? அத்தனை இரும்பும் தண்ணீரும் நொடியில் அப்படி மாறாது. முள் மட்டும் அப்படி ஆடினால் அது மின்சாரக் கோளாறு. காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஹெட் கெஸ்கட் என்பது எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு. அது போனதற்கு அடையாளங்கள் இருக்கின்றன. எங்கும் ஒழுகாமலே ரேடியேட்டர் தண்ணீர் குறையும். எஞ்சின் சூடான பின்பும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது. எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த தேநீர் நிறத்தில் நுரை படியும். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் தொடர்ந்து எழும். (சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடாதீர்கள், முகம் வெந்துவிடும்.) ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு நீலத் திரவம்கூட உண்டு, எரிந்த வாயு கலந்தால் மஞ்சளாகும். கெஸ்கட் என்று சொல்பவரிடம் இவற்றில் எதைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்டதற்குக் கராஜ் முதலாளி வேலைக்காரப் பையன் பக்கம் திரும்பி வேறு ஏதோ வேலை சொன்னார்.

கொட்டாஞ்சேனையில் வாகன மின்வேலை செய்யும் ஒரு வயதான வயரிங் பாஸ் இருக்கிறார். சிறிய கடை, மேசையில் மல்டிமீட்டரும் ஒரு ஜம்பர் கேபிளும். "தம்பி, சாவியைத் திருப்பு" என்று சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் தலையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்தார். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அந்த இடைவெளியில் 0.2 வோல்ட் அளவுக்கு மேல் காட்டக் கூடாது. 1.6 காட்டியது. மீட்டரை வைத்துவிட்டு ஜம்பர் கேபிளால் அதே இரண்டு இடங்களையும் இணைத்தார். அடித்த முதல் அடியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான அம்பியர் பற்றரிக்குத் திரும்ப, எஞ்சினிலிருந்து போகும் அந்த எர்த் வயர்தான் முக்கிய வழி. அவர் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வெளி உறை நன்றாகத்தான் இருந்தது. முனையில் உறையைச் சிறிது கீறியதும் செம்பு இழைகளில் பச்சைத் தூள் பூத்துக் கிடந்தது. நகத்தால் தொட்டபோது இழைகள் உதிர்ந்தன. மரைன் டிரைவ் உப்புக் காற்று செய்த வேலை. லைட் மங்கியதும் முள் ஆடியதும் இதனால்தான்.

எஞ்சின் ஓடும்போது இன்னோர் அளவும் காட்டினார். அல்டனேட்டரின் வெளிவரும் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 14.3 வோல்ட். லைட் போட்ட நிலையில் பற்றரியின் இரு தலைகளுக்கும் இடையே 12.8 தான். நடுவே ஒன்றரை வோல்ட் வயரிலேயே கரைந்துபோகிறது. எத்தனை அல்டனேட்டர் மாற்றினாலும் இது தீராது. புது வயர், இரண்டு முனை, கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கினார். முள் நடுவில் அசையாமல் நிற்கிறது.

பழைய அல்டனேட்டரைப் பார்ப்போம் என்றார் அவர். கராஜில் கேட்டு வாங்கிய பெட்டியை டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். என் காரில் அல்டனேட்டரைச் சுற்றும் பெல்ட் வரிவரியானது. பெட்டியில் இருந்ததன் கப்பியிலோ பழைய பாணியில் ஒரே ஆழமான பள்ளம். அந்த பெல்ட் இதில் உட்காரவே உட்காராது. என்னுடையதைக் கழுவிப் புது பேரிங் போட்டு யாருக்கோ ரீகண்டிஷன் என்று விற்றிருப்பார்கள் என்பது அவருடைய ஊகம், என்னுடையதும் அதுவே.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சாதாரண மல்டிமீட்டர் அதிக விலையில்லை. நிறுத்தி வைத்த காரில் பற்றரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. ஸ்டார்ட் செய்யும்போது 9.6 இற்குக் கீழே விழுந்தால் பற்றரியைச் சந்தேகிக்கலாம். கராஜில் விடுமுன் அல்டனேட்டர், ஸ்டார்ட்டர் போன்றவற்றில் ஆணியால் ஒரு கீறல் போட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றியதை அந்த இடத்திலேயே, படத்தோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். "அல்டனேட்டர் வேலை" என்று ஒற்றை வரியில் எழுதினால் திருப்பிக் கொடுத்து, எந்தப் பாகம், ரீகண்டிஷனா புதியதா, எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதச் சொல்லுங்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "அடுத்த வாரம் வாருங்கள் சேர், பார்த்துத் தருகிறோம்" என்று இழுப்பதெல்லாம் அந்தக் காலத்தைக் கடத்தத்தான்.

நான் முறைப்பாடு கொடுத்த பிறகு கராஜிலிருந்து அழைத்து, பற்றரிக்கான காசைத் தருகிறோம், கடிதத்தை மீளப் பெறுங்கள் என்கிறார்கள். அல்டனேட்டரைப் பற்றிப் பேச்சே இல்லை. என் பழைய அல்டனேட்டரின் பின்மூடியில் நீலப் பெயின்ட் துளி ஒன்றும், அதைப் பூட்டும் மேல் காதில் பற்றவைத்த தழும்பும் இருக்கும். அண்மையில் எஃப்பி 14 இற்கு ரீகண்டிஷன் அல்டனேட்டர் போட்டவர்கள் பொனட்டைத் திறந்து ஒருமுறை பாருங்கள். அப்படி ஒன்று இருந்தால், எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.