மியூடெக்ஸா, ஸ்பின்லாக்கா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஸ்டாக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். இருப்பு 40 பெட்டி. இரண்டு த்ரெட்டுகள் (ஒரே மென்பொருளுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் 40 என்று படித்து, ஆளுக்கு ஒன்று கழித்து, இரண்டுமே 39 என்று எழுதிவிட்டன. லாரியில் ஏறியது இரண்டு பெட்டி, கணக்கில் குறைந்தது ஒன்று. சரி, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் கணக்கைத் தொடும்படி பூட்டுப் போட வேண்டியதுதான். எந்தப் பூட்டு?

மியூடெக்ஸ் என்றால், பூட்டு கிடைக்காத த்ரெட் தூங்கப் போய்விடும். திறந்ததும் இயங்குதளம் எழுப்பிவிடும். ஸ்பின்லாக்கில் தூக்கம் கிடையாது. "ஆச்சுங்களா, ஆச்சுங்களா" என்று வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கும். அத்தனை நேரமும் பிராசஸரில் ஒரு கோர் (வேலை செய்யும் ஒரு பகுதி) வீண்.

தூங்கி எழுவதற்கும் சில மைக்ரோ வினாடிகள் செலவாகும். பூட்டுக்குள் நடக்கும் வேலை அதைவிடச் சின்னது என்றால் ஸ்பின்லாக் முந்தும். ஆனால் பூட்டை வைத்திருக்கும் த்ரெட்டையே இயங்குதளம் நடுவில் நிறுத்திவிட்டால், காத்திருப்பவை சும்மா சுற்ற வேண்டியதுதான். ஒரே கோர் உள்ள இயந்திரத்தில் கேட்கவே வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள், இன்டரப்ட் (வன்பொருள் 'உடனே கவனி' என்று கூப்பிடுவது) கையாளும் இடத்தில் தூங்க முடியாது, அங்கே ஸ்பின்லாக்தான்.

நம் மாதிரி ஆட்களுக்கு மியூடெக்ஸ் போதும். லினக்ஸில் பூட்டுக்குப் போட்டி இல்லாதபோது அது கர்னல் பக்கமே போவதில்லை, வேகத்துக்கும் குறைவில்லை. நான் வேகத்துக்கு ஆசைப்பட்டு முதலில் ஸ்பின்லாக் போட்டேன். பூட்டுக்குள்ளேயே டிஸ்கில் எழுதும் மெதுவான வரி ஒன்று இருந்ததைக் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டர் விசிறி சத்தம் தறிக்கூடம் மாதிரி கேட்டது. அப்புறம் மியூடெக்ஸுக்கு மாற்றி, அந்த வரியையும் பூட்டுக்கு வெளியே தள்ளினேன்.