மெக்டவலா, இர்க்காமா?

ஜாஸ், நாட்டார் இசை, மின்னணு இசை என்று வேறு மரபில் வளர்ந்தவர், சமகாலச் செவ்வியல் இசையில் சோதனை செய்ய எங்கே தங்கலாம்?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டுக்குள் 1907 முதல் இயங்கும் மெக்டவல், கலைஞர்கள் தங்கிப் படைக்கும் உறைவிடம். அது தருவது தனிமை. கட்டணம் இல்லை, ஆளுக்கொரு ஸ்டுடியோ. மதிய உணவைக் கூடையில் வாசலிலேயே வைத்துவிடுவார்கள், வேலையைக் கலைக்காமல். எவ்வளவு பெரிய கொடை அது!

பாரிஸின் இர்க்காம் நேர்மாறு. பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலேஸ் நிறுவி 1977-இல் திறந்த இசை ஆய்வகம். கணினியில் ஒலியை உருவாக்கி மாற்ற உதவும் மேக்ஸ் மென்பொருள் உருவானதும் அங்கேதான். ஆய்வாளர்களோடு சேர்ந்து, மனதில் தோன்றிய ஒலியைச் செய்து, கேட்டு, கலைத்து, மறுபடி கட்டலாம். இசைக்குறியீட்டைவிடக் காதை நம்பி வளர்ந்தவருக்கு நான் இர்க்காமைத்தான் முதலில் சொல்வேன். கையில் பாதி எழுதிய படைப்பு இருந்தால், மெக்டவல்.